நோக்கம்

விப்ரன் நீட்டிய படிவத்தில்
'வளர்ப்பதன் நோக்கம்' என்று ஒரு கேள்வி,
அதற்குக் கீழே மூன்று கட்டங்கள்:
முட்டை. இறைச்சி. கண்காட்சி.

கூடைக்குள், வைக்கோல்மேல்,
செவ்வாய் உட்கார்ந்திருந்தாள்.
பதினோரு வயது. வலது பாதத்தில் ஆணி.
முட்டையிட்டு நான்கு கோடை ஆகிறது.
இறைச்சியென்றால், விப்ரன்,
இப்போதுதானே நீ எடை போட்டாய்.
கண்காட்சிக்கோ, ஒரு கண்ணில் பூ.

பேனாவைத் திருப்பித் தந்தேன்.

நான் டோக்கும் பக்கம்
கால்வாய்ப் பாலம் தூக்குகிறவள்.
படகு வந்தால் சாலையை நிமிர்த்துவேன்,
போனதும் படுக்கவைப்பேன்.
நடுவில் காத்திருப்பதற்குத்தான் சம்பளம்.

வாத்துகள் வந்தது நத்தைகளால்.
பௌக்யேயின் முட்டைக்கோஸை
ஒரே ஜூனில் சல்லடையாக்கிவிட்டன.
ஆறு குஞ்சுகள் வாங்கினோம்,
ஆறும் ஒரு காலணிப் பெட்டிக்குள்.
எங்களுக்கு ஒன்றும் தெரியாது.
ரொட்டி போட்டுத் திட்டு வாங்கினோம்.
கோழித் தீவனம் போட்டோம்,
மூன்றாம் வாரம் ஒன்று கால் மடங்கி
அலகு குத்தி விழுந்தது.
பீர் வடிக்கிற ஈஸ்ட், என்றது தொலைபேசியில்
பெயர் கேட்க மறந்துபோன ஒரு குரல்,
தீனிமேல் மஞ்சளாய்த் தூவுங்கள்.
தூவினோம். ஐந்தாம் நாள் எழுந்து
தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே நேராக நடந்தது.
அன்று செவ்வாய்க்கிழமை.

தொட்டி பெரிதாக வேண்டியதில்லை,
தலை முழுகினால் போதும்,
கண்ணும் மூக்கும் கழுவிக்கொள்ள.
மத்தியானத்துக்குள் அது குழம்பாகிவிடும்.
கவிழ்த்து, நிரப்பு. கவிழ்த்து, நிரப்பு.
கடலுக்குக் கீழே கிடக்கிற தேசத்தில்
தண்ணீருக்கா பஞ்சம் என்பான்
அடுத்த வீட்டு சீட்ஸே.
வாளியைத் தூக்கிப் பார்த்தவனில்லை.

இரண்டாம் குளிர்காலம்
மரநாய் ஒன்று தாழ்ப்பாளை நெம்பித் திறந்தது.
காலையில் பனிமேல் இறகுகள்.
எண்ணினேன், நான்கு.
பௌக்யே எண்ணினாள்,
வேறு எண் வருமென்று நான் காத்திருந்தேன்.
நான்குதான்.
அன்று மாலையே
பாலத்துக் கருவிப் பெட்டியிலிருந்து
இரண்டாவது தாழ் வந்தது.
யாரிடமும் கேட்கவில்லை.

பறவைக் காய்ச்சல் வருடங்களில்
அரசாங்கக் கடிதம் வரும்: வலைக்குள் அடை.
அடைத்தோம்.
காட்டு வாத்துகள் கூச்சலிட்டுக் கடக்கும்போதெல்லாம்
நான்கு தலைகளும் ஒருக்களித்து
ஒவ்வொரு கண் மேலே போகும்.
என்ன நினைத்தனவென்று தெரியாது.
அப்புறம் குனிந்து சேற்றைத் துழாவும்.

ஆண் வாத்துக்கு உரத்த குரலில்லை,
தொண்டை கட்டியவனின் கிசுகிசுப்புதான்.
போன ஏப்ரலில் ஒரு விடியலில்
அதுவும் கேட்கவில்லை.
பத்து வயது, தூக்கத்திலேயே,
தலை முதுகிறகுக்குள் இருந்தபடி.
மரநாய்க்குக் கொடுக்காத ஒன்றை
ஆப்பிள் மரத்தடியில் வைத்தோம்.

முட்டையில்லாத வாத்துக்குத் தீனி எதற்கு?
சீட்ஸே வேலிமேல் சாய்ந்து கேட்பான்.
கேட்டுக்கொண்டே சட்டைப்பையிலிருந்து
உறைந்த பட்டாணியை எடுப்பான்,
அது உருகி அவன் பை நனைந்திருக்கும்.
வயிற்றைக் கிழித்துப் பார்க்கிற அவசரம்
இந்தத் தெருவில் யாருக்கும் இல்லை.

விப்ரன் ஆணியைச் சுரண்டி
நீலக் கட்டுப் போட்டான்.
"ஒன்றைக் குறித்தாகணும்,
கணினி விடாது" என்றான்.
நீயே குறி, என்றேன்.
எதைக் குறித்தானென்று பார்க்கவில்லை.
கூடையைத் தூக்கினேன்,
என் கையைக் கொத்தினாள்.

வீட்டில் மற்ற இருவரும்
நீலக் காலைச் சுற்றி வந்து முறையிட்டார்கள்.
நனைக்காதே என்று சொல்லியிருந்தான்.
அவள் நேராகத் தொட்டிக்குப் போனாள்.

இருட்டியதும் எண்ணினேன், மூன்று.
முதல் தாழ். இரண்டாம் தாழ்.
சமையலறை வரை வந்து, திரும்பிப் போய்,
இரண்டையும் இழுத்துப் பார்த்தேன்.
உள்ளே யாரோ
சலித்துக்கொண்டார்கள்.